மாணவனும் தொழிலாளியும்: பாடசாலைப் பருவத் தொழினுட்பப் பயிற்சி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மென்பொருள் நிறுவனமொன்றின் மேசையிலே பதினேழு வயது இளைஞன் ஒருவன் அமர்ந்திருக்கின்றான் எனக் கொள்வோம். க.பொ.த. உயர்தர வகுப்பிலே தொழினுட்பவியல் பயில்பவன் அவன். விடுமுறைக் காலத்தில் மூன்று மாத உள்ளகப் பயிற்சிக்காக வந்திருக்கின்றான். நிறுவனம் விற்கவிருக்கும் செயலியொன்றை நாள் முழுவதும் இயக்கிப் பார்த்து, பிழைகளைக் கண்டறிந்து, பதிவுசெய்து கொடுக்கின்றான். மாலையில் வீடு திரும்புகின்றான். அன்று அவன் புரிந்தது கற்றலா, உழைப்பா? நிறுவனத்தார் முதலாவதென்பர். அவன் கண்டுபிடித்த பிழைகள் திருத்தப்பட்டு அச்செயலி விலைபோகும்போது, இரண்டாவதென்று சொல்வதற்கும் இடமுண்டு. ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள் உள. எப்பெயரைச் சூட்டுகின்றோம் என்பதைப் பொறுத்து அவனுக்குரிய உரிமைகளும் மாறிவிடுகின்றன. தொழிலாளியாயின் வேதனம் கோரலாம். மாணவனாயின் கற்பிக்குமாறு கோரலாம். இரண்டையும் கோர இயலாத நிலையிலேதான் அவன் பெரும்பாலும் விடப்படுகின்றான். இவ்விடயம் நிருவாக ஒழுங்கு பற்றியதாக மட்டும் கருதப்படுவது வழக்கம். அதனுள்ளே பொதிந்திருக்கும் அறவியல் வினா போதிய கவனம் பெறவில்லை.

இவ்வினா கணினியோடு பிறந்ததன்று. பிரித்தானியப் பருத்தி ஆலைகளிலே அநாதைப் பிள்ளைகள் 'பயிலுநர்' என்னும் பெயரிலேயே வேலைக்கமர்த்தப்பட்டனர். 1802ஆம் ஆண்டுச் சட்டம் அப்பயிலுநரின் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 12 மணித்தியாலமாக வரையறுத்ததோடு, அவர்களுக்கு எழுத்தும் வாசிப்பும் எண்கணிதமும் கற்பிக்கவேண்டுமென்றும் விதித்தது. 1833ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் 9 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்கு நாள்தோறும் இரண்டு மணித்தியாலக் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. நடந்தது யாது? பிள்ளை பள்ளிக்கு வந்தமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தாற் போதுமென்றிருந்தமையால், சான்றிதழ் வழங்குவதற்கென்றே பள்ளிகள் சில முளைத்தன. எழுத்தறிவற்ற பள்ளியாசிரியர் பெயரெழுதத் தெரியாமற் சிலுவைக் குறியிட்டு வழங்கிய சான்றிதழ்கள் பற்றி ஆலைப் பரிசோதகர்கள் எழுதிய அறிக்கைகளைக் கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' என்னும் நூலிலே எடுத்தாள்கின்றார். கல்வி என்னும் சொல் உழைப்பை மறைக்கும் திரையாக எவ்வளவு எளிதிற் பயன்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே மார்க்ஸ், சிறுவர் உழைப்பை முற்றாகத் தடைசெய்தல் வேண்டும் என்னும் கோரிக்கையை ஏற்றாரல்லர் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமரிசித்தபோது, பேரளவுக் கைத்தொழில் நிலவும் சமுதாயத்திலே அத்தகைய பொதுத்தடை சாத்தியமற்றதென்றும், தக்க பாதுகாப்புகளோடு உற்பத்தி உழைப்பையும் கல்வியையும் இளவயதிலேயே இணைப்பது சமுதாய மாற்றத்துக்கு வலிமைமிக்க கருவியாகும் என்றும் அவர் வாதிட்டார். நியூ லனார்க் ஆலையிலே பத்து வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கமர்த்த மறுத்து, 1816இல் அங்கு கல்விக்கூடமும் திறந்த றொபேட் ஓவனின் முயற்சியிலே எதிர்காலக் கல்வியின் வித்து உண்டென்பது அவர் கருத்து. சுரண்டலைக் கடுமையாகச் சாடிய ஒருவரே வேலையினூடான கல்வியை வரவேற்றார் என்பதிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. மாணவன் தொழிற்கூடத்துள் நுழைவது தானே தீங்காகிவிடுவதில்லை. எந்நிலையில் அது தீங்காகின்றது என்பதே ஆராயப்பட வேண்டியது.

இதற்குரிய அளவுகோல் எது? வயதை அளவுகோலாகக் கொள்வர் சிலர். இலங்கையிலே வேலைக்கமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குட்பட்டோரை ஈடுபடுத்தலும் சட்டவிரோதமே. இவை இன்றியமையாதன. ஆயின் உயர்தர வகுப்பு மாணவனுக்குப் பதினாறு கடந்துவிட்டது. கணினித் திரையின் முன் அமர்தல் ஆபத்தான தொழிலுமன்று. சட்டம் தனது கடமையை முடித்துக்கொண்ட இடத்திலேதான் அறவியல் வினா தொடங்குகின்றது.

நோக்கத்தை அளவுகோலாகக் கொள்ளும் மரபு அரிஸ்ரோட்டிலிடமிருந்து வருவது. ஒரே செயல் தனக்காகவோ நண்பருக்காகவோ செய்யப்படும்போது சுதந்திரனுக்கு உரியதாகவும், பிறரது ஏவலாற் செய்யப்படும்போது அடிமைத் தன்மையுடையதாகவும் அமையலாமென 'அரசியல்' என்னும் நூலின் இறுதிப் பகுதியில் அவர் கூறுகின்றார். அடிமைகளின் உழைப்பிலே ஓய்வுபெற்று வாழ்ந்த சமூகத்தின் குரல் அது என்பதை மறப்பதற்கில்லை. எனினும், செயலின் புறத்தோற்றத்தை மட்டும் கொண்டு அதன் இயல்பைத் தீர்மானிக்கலாகாது என்னும் கருத்து நிலைத்து நிற்கக்கூடியது. சிக்கல் யாதெனில், உள்ளகப் பயிற்சியிலே ஒரு நோக்கம் இல்லை. மாணவன் கற்க வருகின்றான். அவனுடைய பெற்றோர் சான்றிதழுக்காக அனுப்புகின்றனர். பாடசாலை தன்னிடம் இல்லாத உபகரணங்களை நாடி அனுப்புகின்றது. நிறுவனமோ நாளை வேலைக்கமர்த்தக்கூடியவர்களை இன்றே அறிந்துகொள்ளவும், சில வேளைகளில் இன்றைய வேலையை மலிவாக முடித்துக்கொள்ளவும் விரும்புகின்றது. எவரது நோக்கத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பது?

ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் 1947இல் வழங்கிய தீர்ப்பொன்று இவ்விடத்திலே துணைபுரிகின்றது. புகையிரதக் கம்பனியொன்று, தடையியக்குநர் வேலைக்கு வர விரும்புவோருக்கு ஏறத்தாழ ஒரு வாரகாலப் பயிற்சியை வேதனமின்றி அளித்து வந்தது. அவர்கள் தொழிலாளரா என்பது வழக்கு. அல்லர் எனத் தீர்த்த நீதிமன்றம் கவனத்திற் கொண்டவற்றுள் ஒன்று, பயில்வோரின் செயல்களாற் கம்பனியின் வேலை விரைவுபடவில்லை, சிற்சில வேளைகளில் தடைப்படவுஞ் செய்தது என்பதாகும். நிரந்தர ஊழியர் எவருடைய இடத்தையும் அவர்கள் பிடித்துக்கொள்ளவுமில்லை. சட்ட நுணுக்கமாகத் தோன்றும் இதனுள்ளே ஆழ்ந்த உண்மையொன்று இருக்கின்றது. உண்மையாகக் கற்பவன் இடைஞ்சலாகவே இருப்பான். அவன் வினாக்கள் கேட்பான். அனுபவசாலியின் கையிலிருக்கும் வேலை நிற்கும். பொருளை வீணாக்குவான். ஒருமுறை காட்டியதை மறுமுறையுங் காட்டவேண்டியிருக்கும். அடுப்படியில் மகளுக்குச் சமையல் பழக்கும் எந்தத் தாயும் இதை அறிவாள். தானே சமைத்தால் அரைமணியில் முடியும் வேலை அன்று ஒன்றரை மணி எடுக்கும். அந்த ஒரு மணித்தியாலமே கல்வியின் விலை. அதைக் கொடுப்பவர் யார் என்று கேட்டால், அங்கு நடைபெறுவது எது என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். பயிலுநன் வந்த முதல் வாரத்திலிருந்தே ஒரு நிறுவனத்தின் வேலை எவ்வித இடைஞ்சலுமின்றி, முன்னரிலும் விரைவாக நடைபெறுமாயின், அவன் முன்னரே அறிந்திருந்த ஒன்றையே அங்கு செய்துகொண்டிருக்கின்றான் என ஐயுற இடமுண்டு.

இவ்வளவுகோலை மென்பொருட்டுறையிலே பிரயோகிக்கும்போது புதியதொரு சிக்கல் தோன்றுகின்றது. தச்சுப் பட்டறையிலே புதியவன் பிழைவிட்டால் மரம் போய்விடும். கடைச்சற் பட்டறையிலே உலோகம் பாழாகும். ஆதலால் அங்கு புதியவனை விற்பனைக்குரிய பொருளிலே கைவைக்க விடமாட்டார்கள். கழிவு மரத்திலே பழக விடுவார்கள். பொருளின் விலையே அவனை உற்பத்தியிலிருந்து விலக்கி வைத்தது. கணினி நிரலிலே இத்தகைய இயற்கையான வேலி கிடையாது. பிழையான வரியை அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம், எதுவும் வீணாவதில்லை. அதனால் மாணவனை முதல் நாளிலேயே பெறுமதியான வேலையில் இருத்தலாம். இது பெரும் வாய்ப்பென்பதை மறுக்கவியலாது. பழைய பயிலுநன் ஆண்டுக்கணக்கில் நெருங்க முடியாதிருந்த நிசமான வேலையை இவன் சில நாட்களிலே காண்கின்றான். ஆனால் அதே காரணத்தாற் சுரண்டலும் எளிதாகின்றது. மேலும், இத்துறையின் வேலை மிகச்சிறு கூறுகளாகப் பிரிக்கப்படக்கூடியது. ஆயிரம் படங்களைப் பார்த்து அவற்றிலே உள்ளது மரமா, மனிதனா எனக் குறியிடும் வேலையும் 'தொழினுட்பம்' என்னும் பெயரையே தாங்குகின்றது. முதல் ஐம்பது படங்களோடு அவ்வேலையிற் கற்பதற்குரியது முடிந்துவிடுகின்றது; எஞ்சிய தொளாயிரத்து ஐம்பதும் உழைப்பு.

வேதனம் கொடுத்துவிட்டாற் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று கருதுவோர் உளர். இதிலே பாதி உண்மை உண்டு. வேதனமில்லாத பயிற்சிக்கு யார் வரமுடியும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். பெரிய மென்பொருள் நிறுவனங்களிற் பெரும்பாலானவை கொழும்பிலேயே உள்ளன. 2009இன் பின்னர் யாழ்ப்பாணத்திலும் சில தோன்றி வளர்ந்துள்ளன. முல்லைத்தீவிலோ மொனறாகலையிலோ தோட்டப்புறத்திலோ உள்ள மாணவன் கொழும்பிலே மூன்று மாதம் தங்குவதற்கு அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் வேண்டும். அவன் வேதனத்தை மட்டும் இழப்பதில்லை. அக்காலத்தில் ஊரிலே உழைத்திருக்கக்கூடியதையும் இழக்கின்றான். கொழும்பு மாணவனோ வீட்டிலிருந்து வந்துபோகின்றான். பெரும்பாலும் தந்தையின் நண்பர் ஒருவரின் தொலைபேசி அழைப்பே அவனுக்கு அவ்விடத்தைப் பெற்றுக்கொடுத்திருக்கும். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி வகுப்பறையின் வாயிலைத் திறந்தது. கல்வியின் ஒரு பகுதி வகுப்பறைக்கு வெளியே நகரும்போது, அப்பகுதிக்கு அத்திறவுகோல் பொருந்துவதில்லை. பாடசாலையில் அனுமதி கிடையாதவன் முறையிடுவதற்கு இடமுண்டு. உள்ளகப் பயிற்சி கிடையாதவன் யாரிடம் முறையிடுவான்? தான் விலக்கப்பட்டதையே அவன் அறியமாட்டான்.

மற்றப் பாதியோ வேறு. வேதனம் கொடுத்தவன் அதற்கீடான வேலையை எதிர்பார்ப்பது இயல்பு. இடைஞ்சலாயிருக்கும் உரிமையை மாணவன் அதனால் இழந்துவிடக்கூடும். ஜேர்மனியில் 1969இல் இயற்றப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டம் இவ்விரு முனைகளையும் எதிர்நோக்க முயன்றது. அங்கு பயிலுநர் வாரத்தில் ஓரிரு நாட்கள் தொழிற்பாடசாலையிலும் எஞ்சிய நாட்களில் நிறுவனத்திலும் பயில்கின்றனர். அவர்களுக்குப் படி கொடுக்கப்படல் வேண்டும். அதேவேளை, பயிற்சியின் நோக்கத்துக்கு உதவுவனவும் உடல்வலிமைக்கு ஏற்றனவுமான பணிகளை மட்டுமே அவர்களிடம் ஒப்படைக்கலாமெனவும் அச்சட்டம் விதிக்கின்றது. படி கொடுத்துவிட்டேன், ஆகவே தேநீர் வாங்கிவரச் சொல்வேன் என்று முதலாளி வாதிடுவதற்கு இடமில்லை. வேதனத்துக்கும் கட்டளையிடும் உரிமைக்கும் இடையிலுள்ள வழமையான பிணைப்பை இங்கு சட்டம் ஓரளவு அறுத்துவிடுகின்றது. அவ்வேற்பாட்டின் பின்னணியிலே பலம்வாய்ந்த தொழிற்சங்கங்களும், கைவினைஞர் சங்கங்களின் நூற்றாண்டுகால மரபும் இருப்பதால், அதனை அப்படியே பெயர்த்து நடுதல் எளிதன்று.

இலங்கையிலும் தமிழகத்திலும் இவ்வினாவுக்கு மற்றொரு பரிமாணம் உண்டு. தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்த சமூகத்திலே, பள்ளிப் பிள்ளையிடம் தொழிலைக் கொடு என்னும் குரல் எவருடைய வாயிலிருந்து வருகின்றது, எவருடைய பிள்ளையைக் குறித்து வருகின்றது என்பவற்றைப் பொறுத்துப் பொருள் மாறும். 1953இல் சென்னை மாநிலத்திலே இராஜாஜி அரசு கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்திற் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டுமென்றது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர்பெற்றுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்த அது, 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. உழைப்பின் மேன்மையைப் பற்றி அத்திட்டத்தின் ஆதரவாளர் கூறியவை யாவும் பொய்யல்ல. ஆனால் சவரக்கத்தியும் குயவனின் சக்கரமும் யாருடைய பிள்ளையின் கையிற் கொடுக்கப்படும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர்.

இலங்கையிலே 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் அத்தகையதன்று. அது எல்லா மாணவருக்கும் பொதுவாக விதிக்கப்பட்டது. 1971இன் இளைஞர் கிளர்ச்சி, கற்றவர்களின் வேலையின்மை, அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனக் குழு வேலைவாய்ப்புக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையே சுட்டிய பொருந்தாமை ஆகியவற்றின் பின்னணியிலே, தொழில்முன்னிலைப் பாடங்கள் கலைத்திட்டத்திற் சேர்க்கப்பட்டன. மீன்பிடி, நெசவு, மட்பாண்டம், உலோகவேலை முதலியன பாடசாலையின் சூழலுக்கேற்பத் தெரிவுசெய்யப்பட்டன. இங்குதான் நல்லெண்ணம் பழைய சுவரிலே மோதியது. சூழலுக்கேற்ற தொழில் என்பது கரையோரப் பாடசாலைக்கு மீன்பிடி என்றாயிற்று. கடலிலிருந்து தன் மகனை மீட்பதற்காகவே அவனைப் பள்ளிக்கு அனுப்பிய தந்தைக்கு அதிலே மகிழ்ச்சி இருந்திருக்க முடியாது. அரசாங்க மாற்றத்தோடு 1977இன் பின்னர் அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டபோது அதற்காகக் கண்ணீர் வடித்தோர் சிலரே. 1943இல் கன்னங்கரா தலைமையிலான விசேட குழு விதந்துரைத்த மூவகைப் பாடசாலைப் பிரிப்பிலே, 'செய்முறைப் பாடசாலை'யும் இவ்வாறே வேரூன்றாமற் போயிற்று. கானா நாட்டுக் கல்வியை ஆராய்ந்த பிலிப் பொஸ்ரர் 1965இல் எழுதிய கட்டுரையொன்றில், பெற்றோரும் மாணவரும் ஏட்டுக்கல்வியை நாடுவது அறியாமையால் அன்று, ஊதியமும் மதிப்பும் அதற்கே கிடைக்கின்றமையால்தான் என வாதிட்டார். கலைத்திட்டத்தை மாற்றுவதாற் சந்தையை மாற்றவியலாது என்னும் அவரது கருத்து இலங்கைக்கும் பொருந்துவதே.

2013இல் உயர்தரத்திலே தொழினுட்பவியற் பாடத்துறை தொடங்கப்பட்டபோது நிலைமை ஓரளவு மாறியிருந்தது. கணினி எந்தச் சாதிக்கும் உரித்தான கருவியன்று. அதனைத் தொடுவதால் எவருக்கும் பழைய பெயர் ஒட்டுவதில்லை. மென்பொருட் பயிற்சியை இளைஞர் விரும்பி நாடுவதற்குச் சம்பளம் மட்டுமே காரணமெனக் கொள்ளல் தவறு. பரம்பரைச் சுவடு இல்லாத தொழில் என்பதும் ஒரு விடுதலையே. ஆயினும், அத்துறைக்குள்ளேயே மேல்கீழ் உருவாகிவருவதைக் காணலாம். நகரத்துப் பிரபல பாடசாலை மாணவன் நிரலெழுதும் குழுவிலே இருத்தப்படுகின்றான்; பின்தங்கிய பிரதேச மாணவன், ஆங்கிலம் குறைவென்னும் காரணங் காட்டப்பட்டு, தரவுகளைப் பதிவுசெய்யும் மேசைக்கு அனுப்பப்படுகின்றான். இருவருக்கும் கிடைக்கும் சான்றிதழ் ஒன்றே. பழைய பிரிப்பு கண்ணுக்குப் புலப்பட்டது, இது புலப்படுவதில்லை.

பாடசாலை மட்டும் போதுமென்று இதனாற் கூறிவிடலாகாது. வகுப்பறையால் ஒருபோதும் கற்பிக்கவியலாத ஒன்று தொழிலகத்தில் உண்டு. வகுப்பறையிலே பிழைவிட்டவன் புள்ளிகளை இழக்கின்றான். இழப்பு அவனுடையது மட்டுமே. தொழிலகத்திலே அவன் விட்ட பிழையால் வேறொருவரின் வேலை தடைப்படுகின்றது. வைத்தியசாலையொன்றின் வரிசை நீள்கின்றது. முன்பின் அறியாத ஒருவர் துன்புறுகின்றார். தனது வேலை இன்னொருவருக்கானது என்னும் உணர்வை எந்தப் பாடநூலும் ஊட்டமுடியாது. ஜோன் டூயி 1916இல் வெளியிட்ட 'சனநாயகமும் கல்வியும்' என்னும் நூலிலே தொழில்களினூடான கல்வியை வற்புறுத்தியபோது, குறித்த வேலைகளுக்கு ஆட்களைத் தயார்செய்வதாக அது குறுகிவிடலாகாதென எச்சரித்தமைக்கும் இதுவே காரணம் எனலாம். தொழிலின் சமூகப் பொருளை உணர்ந்துகொள்ளல் அவர் கருதிய பயன். ஆனால் இவ்வுணர்வு பெறுவதற்கு மாணவனின் வேலை உண்மையாகவே எவருக்கேனும் பயன்படவேண்டும். முன்னர் கூறிய இடைஞ்சல் என்னும் அளவுகோலுக்கு இது முரண்போலத் தோன்றும். கற்பவன் நிறுவனத்துக்கு இலாபமாகலாகாது எனவும், அவனது வேலை பயனற்றதாயிருத்தலாகாது எனவும் ஒருங்கே கூறவேண்டியிருக்கின்றது.

இம்முரணைக் காந்தியடிகளின் ஆதாரக் கல்வியும் எதிர்நோக்கியது. 1937இல் வார்தாவிலே முன்வைக்கப்பட்ட அத்திட்டத்திற் பிள்ளைகளின் கைத்தொழிற் பொருள்களின் விற்பனையால் ஆசிரியரின் சம்பளத்தை ஈடுசெய்யலாமென்று அவர் கருதினார். பள்ளி ஆலையாகிவிடும் என்னும் அச்சம் அக்காலத்திலேயே எழுந்தது. ஆசிரியரின் சோறு மாணவனின் நூலிழையிலே தங்கியிருக்குமாயின், நன்றாக நூற்கும் மாணவனைப் புதியதொன்று கற்க அவர் விடுவாரா? வினா இன்றும் அதே வடிவில் நிற்கின்றது: திறமை பெற்றுவிட்ட பயிலுநனை அவ்வேலையிலிருந்து எழுப்பி, அவன் அறியாத அடுத்த வேலையில் இருத்துவதற்கு நிறுவனத்துக்கு என்ன நிர்ப்பந்தம் உண்டு? பயன்படத் தொடங்கிய கணத்திலேயே அவனை இடம் மாற்றுவது கல்வி. அதே கணத்தில் அவனை அங்கேயே நிறுத்திவைப்பது வேலைவாங்கல். முரண் அவிழ்வது இவ்விடத்திலேதான். பயன்படுதல் தவறாவதில்லை, அதிலே தேங்குதல்தான் தவறு.

இதனைக் கண்காணிப்பவர் யார்? மாணவன் முறையிடமாட்டான். துரோணர் கட்டைவிரலைக் கேட்டபோது ஏகலைவன் மறுக்கவில்லை என்பது காவியத்திலே குருபக்தியாகப் போற்றப்படுகின்றது. மறுத்திருந்தால் அவனுக்கு எவர் துணைநின்றிருப்பார் என்று அக்கதை கேட்பதில்லை. பயிற்சி முடிவிலே சான்றிதழில் ஒப்பமிடப் போகும் மேலாளரிடம், இன்று நான் எதையும் கற்கவில்லை என்று சொல்லும் துணிவைப் பதினேழு வயதினனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. இலங்கை 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட, சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1973ஆம் ஆண்டு 138ஆம் இலக்கச் சமவாயம், குறைந்தபட்ச வயதுக் கட்டுப்பாட்டிலிருந்து தொழிற்பயிற்சிக்கு விலக்களிக்கும்போது சில வரையறைகளைக் கூறுகின்றது. பாடசாலையொன்றோ பயிற்சி நிறுவனமொன்றோ பிரதான பொறுப்பை ஏற்றிருக்கும் கற்கைநெறியின் பிரிக்கவியலாப் பகுதியாக அவ்வேலை அமைதல் அவற்றுள் ஒன்று. 'பிரதான பொறுப்பு' என்னும் சொற்றொடர் கனமானது. கடிதமொன்றைக் கொடுத்து மாணவனை அனுப்பிவிட்டு, மூன்று மாதத்தின் பின் சான்றிதழைக் கோவையிலே இடும் பாடசாலை அப்பொறுப்பை ஏற்றதாகாது. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையிலே, பல மாதங்கள் எப்பாடசாலைக்கும் உரியரல்லாது நிற்கும் இளைஞருக்கு அப்பொறுப்பை ஏற்பதற்கு நிறுவனமே கிடையாது. அவர்களே இப்பயிற்சிகளுக்குப் பெருமளவிற் செல்பவர்களும் ஆவர்.

ஜேர்மனியப் பயிலுநன் ஒவ்வொருவனும் பயிற்சிப் பதிவேடொன்றை எழுதி வருதல் வேண்டும். பயிற்றுநர் அதைப் பார்வையிட்டு ஒப்பமிட வேண்டும். அஃதின்றி இறுதிப் பரீட்சைக்குத் தோற்றவியலாது. இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே கைத்தொழிற் பயிற்சிக்குச் செல்லும் மாணவரும் நாட்குறிப்பு எழுதுகின்றனர். அதை எழுதியவர்களுக்குத் தெரியும், பலருடைய ஏட்டிலே கடைசி வாரத்தில் ஒரே மையினால் முழு மாதமும் நிரப்பப்படுவதுண்டு. பாடசாலை மாணவனின் கையிலே அத்தகைய ஏடொன்று கொடுக்கப்படுமாயின், அதில் இன்று செய்தது என்ன என்பதற்கு ஒரு நிரலும், நேற்றுவரை தெரியாதிருந்து இன்று தெரிந்தது என்ன என்பதற்கு மற்றொரு நிரலும் இருத்தல் வேண்டும். இரண்டாவது நிரல் தொடர்ந்து பத்து நாட்கள் வெறுமையாயிருக்கும்போது, நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலே இல்லாத ஒருவர் அதைத் திறந்து பார்த்து, பேருந்தேறி அங்கு சென்று, அம்மேசையருகே நின்று கேட்க வேண்டும்.